மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பாசிப் பெருக்கம்: எங்கள் நிலைப்பாடு

மேட்டூர் அணையின் நீர்மட்டமும் நீர்வரத்தும் நாள்தோறும் வெளியாகின்றன. 120 அடி முழு நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் டெல்டா விவசாயிகளுக்கு மனப்பாடம். தண்ணீரின் அளவுக்குக் காட்டும் இந்த அக்கறையைத் தரத்துக்கும் காட்ட வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

பண்ணவாடி, கோட்டையூர் பகுதிகளில் அணை நீர் பச்சையாகித் துர்நாற்றம் வீசுவது சில ஆண்டுகளாகவே திரும்பத் திரும்ப நடக்கிறது. நுண்ணுயிர்க் கரைசல் தெளிக்கிறார்கள். நாற்றம் அடங்கியதும் பேச்சும் அடங்கிவிடுகிறது. காரணம் அப்படியே கிடக்கிறது.

பாசியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நீரில் மிதக்கும் நுண்பாசிகளை நம்பித்தான் அணையின் மீன்வளம் இருக்கிறது. டயாட்டம், பச்சைப்பாசி, நீலப்பச்சைப்பாசி எனப் பல வகைகள் கலந்திருப்பது நீருக்கு நல்லது. மற்றவை ஒடுங்கி ஒரே வகை பெருகும்போதுதான் ஆபத்து.

இந்தக் கலவை பருவத்துக்குப் பருவம் மாறும். தென்மேற்குப் பருவமழையில் காவிரி கலங்கி வரும்போது வெளிச்சம் ஆழத்துக்கு இறங்காது, பாசி குறையும். வெள்ளம் அடங்கி, ஓட்டமில்லாத ஓரங்களில் நீர் தேங்கிச் சூடேறினால் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப்பாசிகள் தழைக்கும். கழிவுநீரும், வயல்களிலிருந்து வரும் உரச்சத்தும், நீர் வற்றிய பரப்பில் பயிரிட்டு மிஞ்சிய தாள்களும் அவற்றுக்குத் தீனி. அந்த நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால், சில மணி நேரத்தில் பச்சை ஆடை மேலே திரளும். உடலுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் அவற்றை மிதக்க வைக்கின்றன.

இவற்றில் சில, கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைத் தம் செல்களுக்குள் உருவாக்கும். காய்ச்சினாலும் அது போகாது. மயில்துத்தம் போட்டால் பாசியின் செல்கள் உடைந்து நஞ்சு நீரில் கலந்துவிடும். ஆகவே அவசரத்துக்கு மருந்தடிப்பதைத் தீர்வாக நாங்கள் ஏற்கவில்லை.

நாங்கள் கோருவன:

1. ஆண்டு முழுவதும் மாதந்தோறும், அணையருகிலும் பின்நீர்ப் பகுதிகளிலும் பாசிகளை வகைவாரியாக எண்ணி, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.

2. பாசி பெருகும் நாட்களில் குடிநீரேற்று நிலையங்களில் மைக்ரோசிஸ்டின் சோதனை கட்டாயமாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

3. சுத்திகரிக்காத கழிவுநீர் ஆற்றில் கலப்பதைக் கர்நாடகமும் தமிழ்நாடும் தத்தம் எல்லைக்குள் நிறுத்த வேண்டும்.

4. நீரின் நிறமாற்றத்தை முதலில் காண்பவர்கள் மீனவர்களும் பரிசல் ஓட்டிகளும். அவர்களுக்குப் பயிற்சியளித்துக் கண்காணிப்பில் சேர்க்க வேண்டும்.

இந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை உண்டு. அந்த உரிமை நடைமுறைக்கு வரும்வரை இக்கோரிக்கைகளை விடமாட்டோம்.