பிரம்படியால் வருமோ குடியாட்சி?

கதை படித்தல் பொழுதுபோக்கு, அரசியல் ஆராய்தல் வேறு தொழில் என்று கருதுவோர் நம்முள் பலர். அக்கருத்துப் பொருந்தாதென்பதற்குக் கொரிய நாட்டுச் சிறு நாவல் ஒன்றே சான்றாகும். யி முன்-யோல் என்பார் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்நூல், 'எங்கள் கோணல் நாயகன்' எனப் பொருள்படும் பெயருடையது.

கதை நிகழுமிடம் அரண்மனையன்று. சிறு நகர்ப் பள்ளியின் வகுப்பறையொன்றே. தலைநகராகிய சியோலிலிருந்து வந்து சேர்ந்த சிறுவனொருவன், வகுப்புத் தலைவனாகிய ஓம் சோக்-தே முடிசூடா மன்னனாய் அங்கு ஆள்வதைக் காண்கின்றான். பிறர் பொருளெல்லாம் அவன் பொருள். கல்வியில் வல்ல மாணாக்கர் தம் விடைத்தாளில் அவன் பெயரை எழுதித் தருவர். ஆசிரியரோ வகுப்பு அடங்கியிருத்தல் கண்டு மகிழ்ந்திருப்பர். புதியவன் தனியே எதிர்த்து நின்று, சலித்து, முடிவிற் பணிகின்றான். பணிந்தபின் கிடைத்த சலுகைகள் அவனுக்கு இனிக்கின்றன. கொடுங்கோன்மை அச்சத்தால் மட்டும் நிற்பதன்று, சலுகையாலும் நிற்பது என்னும் இவ்வுண்மையே இந்நூலின் உயிர்நாடி என்போம்.

பின்னர் வேறோர் ஆசிரியர் வந்து, சூழ்ச்சியைக் கண்டறிந்து, தலைவனைப் பிரம்பால் வீழ்த்துகின்றார். உடந்தையாயிருந்த ஏனையோரும் அடிக்குத் தப்பவில்லை. அதன் பின்னரே தேர்தல். நேற்றுவரை அடிபணிந்தோர் இன்று உரக்கக் குற்றஞ்சாட்டுகின்றனர். முன்னர் எதிர்த்து நின்றவன் மட்டும் தனக்கொன்றும் தெரியாதென்று ஒதுங்குகின்றான். அவ்வொதுக்கம் கோழைமையோ நேர்மையோ என்பதைக் கற்பார் ஆராய்க. சிங்மான் ரீயின் ஆட்சி மாணவர் கிளர்ச்சியாற் கவிழ்ந்த 1960-ஆம் ஆண்டை ஒட்டிக் கதை அமைந்திருத்தலின், வகுப்பறையே நாடாதல் வெளிப்படை.

அவ்வாசிரியர் வாராதிருப்பின் கொடுமை ஒழிந்திராதே எனச் சிலர் வினவலாம். உண்மையே. ஆயினும் ஒருவர் கைப்பிரம்பு தந்த உரிமையை மற்றொருவர் கைப்பிரம்பு பறித்துக்கொள்ளுமன்றோ? தென் கொரியாவில் 1961-ஆம் ஆண்டு படையினர் நாட்டைத் திருத்துவோமென்று சொல்லியே ஆட்சியைக் கைப்பற்றினர். 1987-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மக்கள் தாமே தெருக்களில் திரண்டு நின்ற பின்னரே, குடியரசுத் தலைவரை நேரே தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்க்கு மீண்டது. நல்ல பிரம்பொன்று வரட்டுமெனக் காத்திருப்போர்க்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் அறிவுறுத்துவன பல.

குடியாட்சி நாடாளும் மன்றத்தில் தொடங்குவதன்று. விடைத்தாளிற் பிறன் பெயரை எழுத மறுக்கும் மாணாக்கனிடம் தொடங்குவது. நம் வகுப்புகளிலும் மாணவர் சங்கங்களிலும் தவறு நிகழுங்கால் வாளாவிருந்து, தவறு செய்தான் வீழ்ந்தபின் வாய் திறக்கும் வழக்கம் நம்மிடத்து உண்டாயின், அதனை இன்றே விடுதல் நம் கடனாகும்.