ஒரே பிள்ளைக்கு இரண்டு ஓ.பி. சீட்டு

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வளரிளம் பருவத்து மனநலச் சிக்கல் பெரும்பாலும் உடல் நோயின் பெயரில்தான் மருத்துவமனைக்கு வருகிறது. பள்ளி நாட்களில் மட்டும் வரும் வயிற்றுவலி, காரணம் பிடிபடாத தலைவலி, இ.இ.ஜி. சரியாக இருந்தும் தேர்வு நெருங்கினால் வந்துவிடும் வலிப்பு ஆகிய எல்லாவற்றையும் முதலில் பார்ப்பவர் குழந்தைகள் நல மருத்துவரே. மனநலப் பிரிவுக்கு அவர் எழுதித் தரும் சீட்டு பல நேரம் வீட்டோடு நின்றுவிடுகிறது. பெண் பிள்ளையைப் பைத்தியம் என்று ஊர் பேசிவிடுமே என்ற பயம் ஒருபுறம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருபவர்களுக்கு இன்னொரு நாள் கூலியும் போகும்.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இது ஏறக்குறைய மூவர்.

மனநல மருத்துவருக்கும் குழந்தைகள் நல மருத்துவரின் துணை வேண்டும். கவனக்குறைவு, மிகைத்துடிப்புக்குத் தரும் சில மருந்துகள் பசியைக் குறைக்கும். உயரம், எடை, ரத்த அழுத்தத்தை விடாமல் அளக்க வேண்டும். மனச்சோர்வு போலத் தெரிவது தைராய்டு குறையாகவோ ரத்தசோகையாகவோ இருக்கலாம். இன்சுலின் போடாமல் ஊசியை ஒளித்துவைக்கும் சிறுமி யாருடைய நோயாளி? இருவருடையவளும்தான். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையைப் பொறுத்தவரை, 2012 போக்சோ சட்டப்படி புகார் அளிக்கும் கடமை இருவருக்குமே உண்டு. நடந்ததை அறைக்கு அறை திரும்பச் சொல்லவைப்பது அக்குழந்தைக்கு இன்னொரு கொடுமை.

நிர்வாகமோ இருவரையும் தனித்தனியே வைத்திருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியது. பிறப்பு முதல் 18 வயது வரையிலானவர்களுக்கான குழந்தைகள் நலத் திட்டமான ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் 2013-ல் வந்தது. பின்னதன் கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களின் பணியிடப் பட்டியலில் குழந்தைகள் நல மருத்துவர் இருக்கிறார், உளவியலாளர் இருக்கிறார். மனநல மருத்துவர் இல்லை. அவர் முந்தைய திட்டத்தின் ஆள். பிள்ளைகளின் நோய்கள் இந்தக் கோப்புப் பிரிவினையை அறியா.

மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தலைவர் ஆட்சியர். இரு திட்டங்களையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர இதைவிடப் பொருத்தமான பதவி மாவட்டத்தில் கிடையாது. புதுக் கட்டடம் தேவையில்லை. வாரம் ஒரு காலை, இரு மருத்துவர்களும் இடையீட்டு மையத்தில் சேர்ந்து அமர்ந்து, ஒரே நோயாளிக் குறிப்பேட்டில் எழுதினால் போதும். மறுவருகைத் தேதி பௌர்ணமியில் விழக் கூடாது. அன்று கிரிவலக் கூட்டத்தில் பஸ் பிடித்து மருத்துவமனை சேர்வதே பெரும்பாடு. இந்த வாராந்தர ஏற்பாட்டுக்கான உத்தரவை வரும் கல்வியாண்டு தொடங்குமுன் ஆட்சியர் பிறப்பிக்க வேண்டும்.