பிரட்டலுக்கு இந்த ஒயின் ஆகாது

வானொலியில் மது விளம்பரத்துக்கு நம் நாட்டில் இடமில்லை. ஆகவே நேயர் ஒருவர் கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். அவருடைய மச்சான் லங்காவியிலிருந்து ஸ்பெயின் சிவப்பு ஒயின் ஒரு போத்தல் வாங்கி வந்திருக்கிறாராம். மேலே ‘தோரோ’ என்ற பெயர். மது 15 விழுக்காடு. தீபாவளி மட்டன் பிரட்டலோடு இதை வைக்கலாமா?

மட்டன் சரி. பிரட்டல்தான் சரிப்படாது.

தோரோ என்பது வடமேற்கு ஸ்பெயினில் துவேரோ ஆற்றோரம் உள்ள ஊர். பெயரின் பொருள் காளை. வெயில் கொளுத்தும் மேட்டுநிலம். அங்கே விளையும் தெம்பிரானிய்யோ திராட்சையின் தோல் தடிமன். ஒயின் கறுத்து, துவர்ந்து, முரட்டுத்தனமாக வரும். சீனி போடாத தே ஓவைக் கெட்டியாகக் குடித்தால் நாக்கு வறண்டு இழுக்குமே, அதே துவர்ப்புதான். கொழுப்புள்ள இறைச்சியோடு குடித்தால் அந்தத் துவர்ப்பு இறைச்சியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், வாய் இளகும். மிளகாயோடு குடித்தால் கதை வேறு. காரத்தை உணரும் அதே நரம்பை மதுவும் தூண்டும், எரிச்சல் இரட்டிப்பாகும். அந்த ஊர்ப்பக்கம் இதோடு சாப்பிடுவது, பால்குடி மறக்காத ஆட்டுக்குட்டியை உப்பும் தண்ணீரும் மட்டும் சேர்த்து விறகு அடுப்பில் வாட்டியது.

அது நமக்கு அந்நியமா என்றால் இல்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநருக்குக் கள்ளும் கொடுக்கிறான், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியும் கொடுக்கிறான். சூடு தாங்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கித் தின்கிறார்கள்! யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூறு சொல்கிறது. அப்போது நம் அடுப்பில் மிளகுதான். மிளகாய் வந்தது போர்த்துகீசியருக்குப் பிறகு. இந்த ஒயினுக்கு இன்றைய நம் குழம்பைவிட அன்றைய சமையல்தான் பொருத்தம்.

ஆகவே நேயரே, ஆட்டு விலா எலும்பை வாங்குங்கள். உப்பு, இடித்த மிளகு, பூண்டு, எண்ணெய் தடவி இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கரியில் வாட்டுங்கள். சாத்தே கம்பிங் என்றால் கச்சாங் குழம்பைத் தள்ளி வையுங்கள். அதன் இனிப்பு ஒயினைப் புளிக்கச் செய்யும். பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்கள் புக்கிட் மெர்தாஜாமில் தோல் மொறுமொறுவென்று வாட்டியதை வாங்கிக்கொள்ளலாம், எனக்கு அதுதான் முதல் தேர்வு. ஜூரு பக்கம் மீனும் நண்டும் வாங்கினால் இந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம். கடல் உணவோடு இரும்பைக் கடித்த சுவை வரும்.

‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்பார்கள். அது ஐரோப்பிய அறை. புக்கிட் தெங்கா மதிய வெயிலில் வைத்தால் சாராய நெடி மட்டும்தான் எழும். அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

ஒரு கணக்கையும் போட்டுவிடுவோம். 750 மில்லிலிட்டர் போத்தலில் உள்ள மது, ஐந்து விழுக்காடு பீர் ஏழு டின்னுக்குச் சமம். இருவர் உட்கார்ந்து முடிக்கிற சமாச்சாரமில்லை; ஐந்தாறு பேர், தட்டு நிறையச் சாப்பாடு, ஆளுக்கு ஒரு கிளாஸ். வீட்டில் பாட்டி முகம் சுளித்தால் அதற்கும் காரணம் உண்டு. தோட்டத்துக் கள்ளுக்கடையில் சம்பளம் கரைந்ததைப் பார்த்த தலைமுறை அது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்டது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதை. வெறும் வயிற்றில் வேலிக்கு வெளியே குடித்த குடி அது. பாட்டி வேண்டாம் என்றால் போத்தலை மறுநாள் மச்சான் வீட்டில் திறக்கலாம், கெட்டுப்போகாது.

21 வயது ஆகாத மருமகனுக்கும், வண்டி ஓட்டப்போகிறவருக்கும் சிராப் பண்டோங்.