தார் போடாத ரோட்டுக்கு ஒரு ஜே!



எந்த ஊருக்குப் போனாலும் ஜனங்க கேக்குறது ஒண்ணுதான்: 'எங்களுக்கு நல்ல ரோடு போட்டுக் குடுங்க!' ஆனா, பிரான்ஸ்ல 1896-ல ஆரம்பிச்ச ஒரு சைக்கிள் ரேஸ், பளபளன்னு இருந்த தார் ரோட்டை விட்டுட்டு 2018-ல வேணும்னே திராட்சைத் தோட்டத்து மண் பாதைக்குள்ள புகுந்துச்சு. 'என்ன கிறுக்குத்தனம் இது?'ன்னு நீங்க கேக்கலாம். அன்னிக்கு அந்த ரேஸ்ல ஓட்டினவங்கள்லயே பல பேர் அப்படித்தான் கேட்டாங்க.

ரேஸோட பேரு பாரிஸ்-டூர். 'டூர்'னா நாம காலேஜ்ல பஸ் புடிச்சுப் போற டூர் இல்லீங்க. லுவார் ஆத்தங்கரையில இருக்கிற ஒரு நகரத்தோட பேரே டூர். இன்னொரு காமெடி, 2018-ல ரேஸ் கிளம்பினது பாரிஸ்லேர்ந்து கிடையாது, ஷார்த்ர்ங்கிற ஊர்லேர்ந்து. பாரிஸ் பேர்ல மட்டும்தான் இருக்கு!

லுவார், பிரான்ஸோட மிக நீளமான ஆறு. ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல ஓடி அட்லாண்டிக்ல கலக்குது. நடுநடுவே மணல் திட்டு, கரையோரம் கோட்டைகள், மேட்டு நிலம் பூரா திராட்சைக் கொடி. சுல்லி-சுர்-லுவார்லேர்ந்து ஷாலோன் வரைக்குமான பள்ளத்தாக்கை 2000-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாச்சு.

இந்த சமவெளியில ரேஸ் வச்சா என்ன ஆகும்? செம ஸ்பீடு! 2015-ல இத்தாலிக்காரர் மாத்தியோ டிரென்டின் இந்த ரேஸை ஜெயிச்சப்போ சராசரி வேகம் மணிக்கு 49.64 கி.மீ. நம்ம பைக்கே டிராஃபிக்ல அந்த ஸ்பீடைத் தொடாது. ஆனா பார்க்கிறவங்களுக்கு? மணிக்கணக்கா ஒரே கூட்டமா ஓட்டுவாங்க, கடைசி நிமிஷத்துல ஒரு ஸ்பிரின்ட், முடிஞ்சுது. கிளாஸ்ல முதல் 45 நிமிஷம் தூங்கிட்டு அட்டெண்டன்ஸுக்கு மட்டும் முழிக்கிற மாதிரி!

அதனால 2018-ல ரேஸ் நடத்துறவங்க கடைசிக் கட்டத்தை டூருக்குக் கிழக்கே இருக்கிற வூவ்ரே ஊரோட திராட்சைத் தோட்டத்து வழியா திருப்பிவிட்டாங்க. 9 இடத்துல மண் பாதை, மொத்தமா சுமார் 12 கி.மீ. 200 கி.மீ.க்கு மேல ஓடுற ரேஸ்ல இது சின்ன அளவுதான். ஆனா அந்தப் பன்னெண்டு கிலோ மீட்டர் ரேஸையே பிரட்டிப் போட்டுடுச்சு. ஏகப்பட்ட பஞ்சர். கூட்டம் துண்டு துண்டாச்சு. டென்மார்க்கைச் சேர்ந்த சோரன் கிராக் ஆண்டர்சன் தனியாளா வந்து கோட்டைத் தொட்டாரு. 'இது ரேஸா, லாட்டரியா?'ன்னு டீம்கள் புலம்பின.

பஞ்சருக்குக் காரணம் மண்ணு!

வூவ்ரேல ரெண்டு விதமான மண் இருக்கு. ஒண்ணு சுண்ணாம்புக் களிமண், அதுக்கு உள்ளூர் பேரு 'ஒபுய்'. இன்னொண்ணு 'பெர்ரூஷ்', களிமண்ணுல சிக்கிமுக்கிக் கல் கலந்தது. ஆதி மனுஷன் கத்தி, கோடரியெல்லாம் செஞ்ச அதே கல்தான். உடைஞ்சா விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். அங்கே விளையற ஷெனின் பிளாங்க் திராட்சையில செய்யற ஒயினுக்குத் தனி ருசி குடுக்குதுன்னு தோட்டக்காரங்க கொண்டாடுற மண்ணு, ரேஸ்காரனோட டயரைக் கிழிச்சுப் போடுது.

மண்ணுக்கு அடியில துஃபோங்கிற மிருதுவான சுண்ணாம்புப் பாறை. லுவார் கரையில இருக்கிற கோட்டைகளுக்கு இந்தக் கல்லைத்தான் வெட்டி எடுத்தாங்க. வெட்டின குகைங்க சும்மா கிடக்கலை. ஒயின் வைக்கிறாங்க, காளான் வளர்க்கிறாங்க, பாறையைக் குடைஞ்சு வீடே கட்டியிருக்காங்க. மேலே கொடி, கீழே குகை, நடுவுல நம்ம சைக்கிள் பாதை!

கொஞ்சம் மெக்கானிக்ஸ், ப்ளீஸ் ஓடாதீங்க!

கரடுமுரடுப் பாதைக்குன்னே வந்ததுதான் கிராவல் பைக். பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரியே வளைஞ்ச ஹேண்டில்பார். ஆனா டயர் 40 மில்லி மீட்டர் வாக்குல அகலம், டிஸ்க் பிரேக், மேடு ஏறறதுக்கு லேசான கியர். 2000-கள்ல ரேஸ்காரங்க ஓட்டின 23 மி.மீ. டயரோட ஒப்பிட்டா இது குண்டு டயர்.

'குண்டு டயர், கம்மி காத்து... அப்போ மிதிக்கவே முடியாதே?' இதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. ஒரு கணக்கு போடுவோம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 40 கிலோ, அதாவது சுமார் 400 நியூட்டன். டயர்ல 7 பார் காத்து இருந்தா தரையைத் தொடுற பரப்பு 6 சதுர செ.மீ.க்கும் கம்மி. ஒரு பத்து ரூபா காசு அளவுதான்! காத்தை 2.5 பாருக்கு இறக்கினா அதுவே 16 சதுர செ.மீ. பிடிமானம் எங்கேர்ந்து வருதுன்னு புரியுதா?

சரி, வேகம்? வழவழன்னு இருக்கிற தரையில காத்து அதிகமா இருந்தா லாபம்தான். டயர் அமுங்கி எழும்போது ரப்பருக்குள்ள சக்தி சூடா வீணாகும். அமுங்கலேன்னா அது மிச்சம். ஆனா கல்லு ரோட்டுல கதையே வேற. கல்லுமாதிரி காத்தடிச்ச டயர் ஒவ்வொரு கல்லுக்கும் சைக்கிளையும் உங்களையும் தூக்கித் தூக்கிப் போடும். முன்னாடி போக வேண்டிய சக்தி மேலே கீழே குதிக்கிறதுல செலவாகும். உங்க தொடையும் முதுகும்தான் ஷாக் அப்சார்பர்! காத்தை இறக்கினா கல்லை டயரே முழுங்கிக்கும், நீங்க நேரா போவீங்க. அதாவது, விறைப்பா நிக்கிறவன் வேகமா போறதில்லே, வளைஞ்சு குடுக்கிறவன்தான் போறான். (எச்.ஓ.டி. ரூம் வாசல்லயும் இது வொர்க்-அவுட் ஆகும்!)

புதுசுன்னு நினைச்சீங்களா?

'கிராவல்'ங்கிற பேரைப் பரப்பினது அமெரிக்கா. கான்சஸ் மாநிலத்துல 2006-ல ஆரம்பிச்ச ரேஸ்தான், இப்போ அன்பவுண்ட்ங்கிற பேர்ல, இந்த விளையாட்டோட திருவிழா. ஆனா விஷயம் பிரான்ஸுக்குப் பழசு. லுவார் பேரையே வச்சுக்கிட்டிருக்கிற மாவட்டத்துல செயின்ட்-எட்டியன்னு ஒரு தொழில் நகரம். அங்கே 'வெலோசியோ'ங்கிற புனைபெயர்ல எழுதின போல் து விவி (1853-1930), மலை, மண்ணு, கல்லுன்னு எல்லா இடத்துலயும் சைக்கிள் ஓட்டிக் காட்டி, 'பல கியர் வேணும்'னு காலம் பூரா வாதாடினவரு. ஆனா டூர் டி பிரான்ஸ் ரேஸை உருவாக்கின ஆன்ரி டெக்ராஞ்ச் ரொம்பக் கண்டிப்பான ஆளு. செயினை ஒரு பல்சக்கரத்துலேர்ந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற டிரெய்லர் கியரை டூர்ல 1937-லதான் அனுமதிச்சாங்க. அதுக்குள்ள வெலோசியோ செத்துப்போய் 7 வருஷம் ஆச்சு. இன்னிக்கு அந்த கியர் இல்லாம ஒரு கிராவல் பைக்கைக் காட்டுங்க பார்ப்போம்!

டூர் டி பிரான்ஸே இப்போ மண்ணுக்கு வந்தாச்சு. 2022-ல பெண்களுக்கான டூர்ல த்ருவாலேர்ந்து பார்-சுர்-ஓப் வரைக்கும் ஒரு ஸ்டேஜ். ஷாம்பெய்ன் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவுல 4 வெள்ளைப் பாதை. ஸ்விட்சர்லாந்தோட மார்லென் ராய்சர் ஜெயிச்சாங்க. 2024-ல ஆண்களுக்கு அதே வட்டாரத்துல 14 பாதை, மொத்தம் 32 கி.மீ. ஜெயிச்சவர் உள்நாட்டுக்காரரான அந்தோனி டுர்ஜி.

இந்த ஓப் வட்டாரத்துக்கு ஒரு கோபக்கதை உண்டு. 1908-ல அரசாங்கம் 'ஷாம்பெய்ன்' எல்லையை வரைஞ்சப்போ ஓப்பை வெளியே தள்ளிடுச்சு. 1911-ல விவசாயிங்க தெருவுல இறங்கினாங்க. சமாதானமா கிடைச்சது என்ன தெரியுமா? 'ஷாம்பெய்ன், இரண்டாம் மண்டலம்'னு ஒரு பட்டம்! அந்தப் பட்டம் நீங்கி முழுசா ஷாம்பெய்ன் ஆக 1927 வரைக்கும் காத்திருந்தாங்க. செகண்ட் கிளாஸ்னு முத்திரை குத்தின மண்ணுல, செகண்ட் கிளாஸ்னு நாம நினைக்கிற ரோட்டுல, இன்னிக்கு உலகத்தோட பெரிய ரேஸ் புழுதி கிளப்புது.

ஒரு இன்டர்ன் ஜெயிச்ச கதை

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பார்ட். 2023 பாரிஸ்-டூர். கடைசியில சின்னக் கூட்டமா வந்தவங்கள்ல முதல் ஆளா கோட்டைத் தாண்டினது ரைலி ஷீஹன்னு ஒரு அமெரிக்கப் பையன். வயசு 23. அப்போ இஸ்ரேல்-பிரீமியர் டெக்னு பேர் வச்சிருந்த டீம்ல அவரோட பதவி 'ஸ்டாஜியேர்'. பிரெஞ்சுல அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? இன்டர்ன்! சீசன் முடியற நேரத்துல ரெண்டு மூணு மாசம் ஓட்டிப் பார்க்க எடுக்கிற டிரெய்னி. பெரிய டீம்ல நிரந்தர இடம் இல்லாத பையன், நூத்தாண்டு கடந்த ரேஸை ஜெயிச்சுட்டான். 2024-ல அதே டீம்ல முழு நேர ரைடர். இந்தப் பக்கத்துல எழுதுற ஒரு இன்டர்ன், கொஞ்சம் சத்தமாவே விசிலடிச்சுக்கிறேன்!

'இது வெறும் லக்'னு இன்னும் சொல்றவங்களுக்கு ஒரு தகவல். வழவழ ரோட்டுல 2015, 2017-ன்னு ரெண்டு தடவை ஜெயிச்ச டிரென்டின், 2025-ல மண் பாதையெல்லாம் தாண்டி மூணாவது தடவையும் ஜெயிச்சுட்டாரு. லாட்டரியில இப்படி விழாதுங்க.

பாதை யாரோடது?

ரேஸ் வருஷத்துல ஒரு நாள். மத்த நாள் பூரா அந்தப் பாதையில ஓடுறது டிராக்டர். அதுலயும் கொடி வரிசைக்கு மேலேயே கால் பரப்பி நடக்கிற உயரமான டிராக்டர் ஒண்ணு இருக்கு, 'ஆன்ஜாம்பர்'னு பேரு. பார்த்தா டைட்டானிக் சைஸ் வெட்டுக்கிளி மாதிரி இருக்கும். அறுவடைக்கும் மருந்தடிக்கவும் போற வழி அது. பிரெஞ்சு சட்டத்துல இந்த மாதிரி பல பாதைகளுக்கு 'ஷெமேன் ரூரால்', அதாவது கிராமப் பாதைன்னு பேரு. ஊராட்சிக்குச் சொந்தம், யாரும் போகலாம்.

இதுலதான் ஒரு கொக்கி. மக்கள் போறதை நிறுத்திட்டா, 'பயன்பாட்டுல இல்லே'ன்னு சொல்லி ஊராட்சி அந்தப் பாதையை வித்துடலாம்! போன நூற்றாண்டுல துண்டு நிலங்களை ஒண்ணு சேர்த்துப் பெரிய வயலாக்கினப்போ வேலியும் மரமும் பாதையும் ஏராளமா அழிஞ்சுபோச்சு. தார் போடலேன்னா பாதை சாகாது. யாரும் போகலேன்னாதான் சாகும். நடக்கிறவங்க, குதிரையில போறவங்க, டிராக்டர் ஓட்டுற விவசாயி, புழுதியோட போற சைக்கிள்காரன் எல்லாரும் சேர்ந்து மிதிச்சு மிதிச்சுத்தான் அதை உயிரோட வச்சிருக்காங்க.

அதுக்காக ராஜா மாதிரி போகவும் கூடாது. பாதை பொது, கொடி வரிசை தனியார் சொத்து. 'ஒரே ஒரு கொத்து'ன்னு திராட்சையில கை வைக்கக்கூடாது. டிராக்டர் வந்தா ஓரமா நின்னு வழி விடணும், அவங்களுக்கு அது ஆபீஸ். மருந்தடிக்கிறப்போ அந்தப் பக்கமே போகாம இருக்கிறது நுரையீரலுக்கு நல்லது. மழை பேஞ்ச களிமண்ணுல ஓட்டி ஓட்டிப் பள்ளம் பறிக்கிறதும் தப்பு.

மேல்படிப்புக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ பிரான்ஸ் போகப்போற சீனியர்களே, உங்களுக்கு ஒரு டிப்ஸ். 'லுவார் ஆ வெலோ'ன்னு சுமார் 900 கி.மீ. சைக்கிள் பாதை இருக்கு. நெவேர் பக்கத்துலேர்ந்து அட்லாண்டிக் கடல் வரைக்கும், வழி பூரா போர்டு வச்சிருக்காங்க. தாரும் சரளையும் மண்ணும் கலந்து வரும், பெரும்பாலும் சமவெளி. பதினஞ்சு கியர் இருக்கிற சைக்கிளெல்லாம் வேணாம். கொஞ்சம் அகலமான டயர் போட்ட வாடகை சைக்கிள் போதும். டூர்ல இறங்கி, ஆத்தோரமா ஆம்புவாஸ் வரைக்கும் ஒரு நாள் போயிட்டு வாங்க. வூவ்ரே அந்த ரெண்டு ஊருக்கும் நடுவுலதான் இருக்கு.

கல்லு தட்டினா என்ன பண்ணணும்னு இப்போ உங்களுக்கே தெரியும். கொஞ்சம் காத்தை இறக்குங்க, முழங்கையைத் தளர்த்துங்க, மிதிச்சுக்கிட்டே இருங்க. பாதை இருக்கிறது அப்படித்தான்... யாரோ ஒருத்தர் போயிக்கிட்டே இருக்கிறதால!