நீலத்தின் இரண்டாவது வேலை

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்திலுள்ள தோபி கானாவில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாக வெள்ளைத் துணிக்கு நீலமும் கஞ்சியும் போட்டு வருகின்றன. நீலம் அழுக்கை எடுப்பதில்லை. துணியின் பழுப்பை மறைத்து வெண்மையாகக் காட்டும், அவ்வளவுதான். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பிலும் சிட்டிகை நீலம் கரைத்தது இதற்காகத்தான். 1983-இல் எம்.பி. ராமச்சந்திரன் திருச்சூரில் தொடங்கிய நிறுவனத்தின் உஜாலா சொட்டு நீலமும் துணியில் அதே வேலையைச் செய்யும். மிஞ்சிய அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினால் காகிதம் ஒட்டப் பசை தயார். இத்தனை சிக்கனமும் நல்லதே. ஆனால் குளவி கொட்டிய இடத்தில் நீலம் தடவ வேண்டாம். அது சாயம், மருந்தல்ல.