தப்பிய பன்றிக்குட்டியைத் துரத்தலாகாது

இடக்கொச்சி போன்ற காயலோரக் குடியிருப்புகளில், புதிதாக வாங்கிய பன்றிக்குட்டி தப்பினால் அதைத் துரத்திப் பிடிக்கவே பலரும் முற்படுவர். இது தவறாகும். தாயைப் பிரிந்த குட்டி புதிய கொட்டிலைத் தன் இருப்பிடமென இன்னும் அறியாது. துரத்தத் துரத்த அச்சத்தால் அப்பாலே ஓடும். ஓரிரு வாரங்கள் அதனை அடைத்துவைத்து, குறித்த வேளையில் பாத்திரத்தைத் தட்டித் தீனியிடல் வேண்டும். பன்றி மூக்கால் மண்ணைக் கிளறி வெளியேறுமாதலால் வேலியின் அடிப்பாகம் உறுதியாயிருத்தல் அவசியம். தப்பியதை ஆரவாரமின்றித் தீனிவைத்து, திறந்த கொட்டிலுக்கே வரவழைக்கலாம்.

2022 ஜூலையில் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. மனிதரைத் தொற்றாத இந்நோய்க்கு மருந்தில்லை. நோய் கண்ட பண்ணையில் எஞ்சிய பன்றிகளையும் அழிக்க நேரிடுகிறது. ஆதலின் அலைந்து திரும்பிய குட்டியை மூன்று வாரம் தனியே வைத்து நோக்காமல் பிறவற்றுடன் சேர்ப்பது, ஒன்றை மீட்டு அனைத்தையும் இழப்பதாகும். களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை வளர்ப்போர்க்கு எடுத்துரைப்பாராக.