மஞ்சள் யாருடைய நிறம்?

2003இல் லெகோ நிறுவனம் 'கிளவுட் சிட்டி' என்றொரு பொம்மைப் பெட்டியை வெளியிட்டது. 1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' என்ற ஸ்டார் வார்ஸ் படத்தில், மேகங்களுக்கு நடுவே மிதக்கும் நகரம் அது. துண்டு துண்டாகச் சேர்த்து அந்த நகரத்தைக் குழந்தைகள் கட்டலாம். உள்ளே ஏழு மனிதப் பொம்மைகள். டார்த் வேடர், போபா ஃபெட், பேரரசின் படைவீரன் ஆகிய மூவரும் தலைக்கவசத்தோடு வருகிறார்கள். லூக், லேயா, ஹான் சோலோ மூவரின் முகமும் மஞ்சள். மிச்சமிருக்கும் ஒருவர் லேண்டோ கால்ரிசியன், கறுப்பின நடிகர் பில்லி டீ வில்லியம்ஸ் நடித்த பாத்திரம். அவருடைய முகம் மட்டும் பழுப்பு.

சேகரிப்பாளர்கள் இந்தப் பெட்டிக்குப் பெரும் விலை கொடுக்கிறார்கள். அதுவும் போபா ஃபெட்டின் கைகால்களில் இருக்கும் அச்சுக்காக! நாம் பார்க்க வேண்டியது லேண்டோவை.

லெகோவின் மனிதப் பொம்மை 1978இல் பிறந்தது. மஞ்சளைத் தேர்ந்ததற்கு நிறுவனம் சொல்லிவந்த காரணம் கேட்க நன்றாகவே இருக்கும். எந்த இனத்தையும் குறிக்காத நிறம். எந்தக் குழந்தையும் அதில் தன்னைப் பார்த்துக்கொள்ளலாம். போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், விண்வெளி வீரர் என்று பெயரில்லாத பொம்மைகளாக இருந்தவரை இந்த வாதம் சிக்கலில்லாமல் ஓடியது. 1999இல் ஸ்டார் வார்ஸ் உரிமம் வந்ததும் பொம்மைகளுக்குப் பெயரும், நாம் திரையில் பார்த்துப் பழகிய முகமும் வந்துவிட்டன. 1999, 2002 ஆண்டுகளில் வந்த இரண்டு படங்களிலும் மேஸ் விண்டு இருக்கிறார். சாமுவேல் ஜாக்சன் நடித்த பாத்திரம். ஜெடாய் சபையின் முக்கியமான ஆள். இரண்டு படங்களுக்கும் லெகோ பெட்டிகள் வந்தன. மேஸ் விண்டுவின் பொம்மை மட்டும் 2005 வரை வரவில்லை.

மஞ்சள் எல்லோருக்கும் பொதுவென்றால் அது சாமுவேல் ஜாக்சனுக்கும் பொருந்தியிருக்க வேண்டும் அல்லவா? மஞ்சள் முகத்தோடு லூக்கை விற்றபோது யாருக்கும் உறுத்தவில்லை. மஞ்சள் முகத்தோடு லேண்டோவை விற்க நிறுவனமே துணியவில்லை. அப்படியென்றால் மஞ்சள் எப்போதுமே வெள்ளைதான். பக்கத்தில் பழுப்பு வந்து உட்காரும்வரை அதைச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவே. 'தி சிம்ப்சன்ஸ்' தொடரைப் பாருங்கள். ஊரே மஞ்சள்; இந்தியரான அப்புவும் கறுப்பரான கார்லும் பழுப்பு. மஞ்சள் யார் என்பதில் அந்த ஊரில் குழப்பமே இல்லை.

கதையையும் கவனியுங்கள். நண்பன் ஹானை விருந்துக்கு அழைத்துப்போய் வேடரிடம் ஒப்படைப்பவர் லேண்டோ. மிரட்டலுக்குப் பணிந்து செய்கிறார், பிறகு திருந்தி உதவவும் செய்கிறார் என்பது உண்மைதான். ஆனாலும் பெட்டியைப் பிரிக்கும் குழந்தைக்குக் கிடைப்பது ஒரே ஒரு பழுப்பு முகம். அதுவும் காட்டிக்கொடுத்தவனின் முகம். லெகோ தலைகளைக் கழற்றி மாற்றி மாட்டலாம். அந்த ஒற்றைத் தலையை லூக்கின் உடலில் வைத்தால் அடுத்த நொடியே லேண்டோ தலையில்லாமல் நிற்பார்.

திரையிலும் இதே கதைதான். 1977இல் வந்த முதல் படத்தில் வேடருக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். 1983இல் முகமூடி கழன்றபோது உள்ளே இருந்தது ஒரு வெள்ளை முகம்.

2004இல் லெகோ ஒரு முடிவெடுத்தது. திரைப்படப் பாத்திரங்கள் எல்லோருக்கும் அவரவர் தோல் நிறம். லூக்கும் ஹானும் மஞ்சளை விட்டு இளஞ்சிவப்புக்கு மாறினார்கள். லேண்டோவுக்குப் பழுப்பு கிடைத்ததைவிட இதைத்தான் நான் பெரிய மாற்றமாகப் பார்க்கிறேன். லேண்டோவுக்கு மட்டும் நிறம் இருந்தவரை அவர் விதிவிலக்கு, மற்றவர்கள் 'மனிதர்கள்'. லூக்குக்கும் நிறம் வந்த பிறகுதான் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

இதெல்லாம் டென்மார்க் கம்பெனியின் பஞ்சாயத்து, நமக்கென்ன என்று கேட்கலாம். அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் 'தோல்' என்று பெயரிட்டிருந்த கிரேயானை 1962இலேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பறைகளில் அதே கிரேயானுக்கு இன்றும் 'ஸ்கின் கலர்' என்றுதான் பெயர். அதைப் பிடித்திருக்கும் கையின் நிறம் என்னவாக இருந்தாலும் சரி.

நம்மிடம் இன்னொரு மஞ்சளும் இருக்கிறது: ஓசி. ஓப்பன் காம்பெட்டிஷன். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு போக மிச்சமுள்ள 31 எல்லோருக்கும் திறந்த போட்டி. மதிப்பெண் எடுத்த பட்டியல் சாதி மாணவியும் அதில் இடம்பெறலாம், இடம்பெறுகிறார். ஆனால் "நாங்க ஓசி" என்று ஒருவர் சொல்லும்போது அது சாதிப்பெயராகிவிடுகிறது. சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே 2013இல் எழுதிய கட்டுரை இந்தப் 'பொதுப்பிரிவு'க்காரர் எப்படிச் சாதியற்றவராகத் தோன்றுகிறார் என்பதைப் பற்றியதே. சாதி கொடுத்த சொத்தையும் படிப்பையும் வாங்கி வைத்துக்கொண்டவர்களுக்குச் சாதியைச் சொல்லும் வேலை மிச்சம். சொல்ல வேண்டியவர்கள் எப்போதும் சான்றிதழோடு நிற்பவர்கள்தான். பிறகு "எதற்கெடுத்தாலும் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்" என்ற கேள்வியும் அவர்களிடமே வந்து சேரும்.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டின் தீர்மானப்படி பெயருக்குப் பின்னாலிருந்த சாதிப்பட்டத்தை வெட்டியவர்களை இதில் சேர்க்காதீர்கள். துறந்தவர் வேறு, சொல்லவே தேவைப்படாதவர் வேறு.

2023இல் பீகார் அரசு சாதிவாரிக் கணக்கெடுப்பை வெளியிட்டபோது பொதுப்பிரிவுக்கும் ஓர் எண் வந்தது: 15.52 விழுக்காடு. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதியும் பதியப்படும் என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது, "எங்க வீட்ல அதெல்லாம் பார்க்கிறதில்லையே" என்று முதலில் சொல்லப்போவது யார் என்று பார்க்கத்தான் ஆவலாக இருக்கிறேன்.